பழைய டர்போ டீசல் கார் மிதித்தால் திணறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய டீசல் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஒரே கேள்விதான்: “மிதிச்சா உடனே எடுக்க மாட்டேங்குது, என்னவா இருக்கும்?” நான் மெக்கானிக் இல்லை. வேலை கோவையில், அம்மா வீடு கோத்தகிரியில். மாதம் இரண்டு மூன்று தடவை பழைய டர்போ டீசல் வண்டி ஒன்றில் மலை ஏறி இறங்கி, அதோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதை எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜினை வைத்துக்கொள்கிறேன். 1248 சி.சி., நாலு சிலிண்டர். 2007-இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லினியா என்று பல பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இதே இன்ஜின்தான் ஓடியது. உங்களிடம் இருப்பது வேறு காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) என்றாலும் சோதிக்கும் முறை பெரிதாக மாறாது.

திணறல், டர்போ லேக் இரண்டும் ஒன்றா?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்தவர்கள் நிறைய.

டர்போவைச் சுற்றுவது சைலன்சர் பக்கம் போகும் புகை. புகை குறைவாக இருக்கும்போது டர்போவும் மெதுவாகத்தான் சுற்றும், காற்றை அழுத்தாது. மேலே சொன்ன இன்ஜினின் 75 பி.எஸ். (குதிரைத்திறன்) வடிவத்தில் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டர் கிடைப்பதே 2000 ஆர்.பி.எம்.மில்தான். அதற்குக் கீழே இருப்பது டர்போ உதவாத ஒரு சின்ன 1.3 இன்ஜின். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் 1200-க்கு இறங்கிவிட்டு “எடுக்க மாட்டேங்குது” என்றால் அது நோய் இல்லை, சுபாவம். முதல் கியருக்கு வாருங்கள்.

நோய் என்பது முன்பு இல்லாத ஒன்று புதிதாக வருவது. 2000-ஐத் தாண்டியும் இழுவை வராதது, நடுவில் ஒரு நொடி அறுந்து மறுபடி பிடிப்பது, போன மாதம் மூன்றாவது கியரில் ஏறிய பாலத்தில் இந்த மாதம் இரண்டாவது கேட்பது, இதெல்லாம்தான் திணறல்.

மெக்கானிக்கிடம் போகும் முன் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

“பிக்கப் இல்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது டாக்டரிடம் “உடம்பு சரியில்லை” என்று சொல்வது மாதிரி. எந்த கியர், எத்தனை ஆர்.பி.எம்., பாதி மிதித்தாலே வருகிறதா அல்லது முழுக்க மிதித்தால் மட்டுமா, காலையில் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் வருகிறதா? ஒரு வாரம் கவனித்துச் சின்ன நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் டேங்குக்குள் இருக்கும் சல்லடை அடைப்பு, உறிஞ்சும் குழாயில் ஓட்டை இரண்டும் பல சமயம் டீசல் குறையும்போதுதான் முகம் காட்டும்.

பின்னால் புகை வருவதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையவே சொல்லலாம், காசும் ஆகாது. சிக்கலைப் பாதியாகப் பிரித்துவிடும் ஒரே கேள்வி இது: திணறும்போது கரும்புகை வருகிறதா, இல்லையா?

கரும்புகை என்றால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், ஹோஸ், இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), டர்போ, ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) என்று காற்று போகும் வழியைப் பாருங்கள். இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரும்புகை வரும் என்பதை ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போனால் டீசலே போதவில்லை, அல்லது வண்டியின் கம்ப்யூட்டரே வேண்டுமென்று டீசலைக் குறைக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து கண் எரிந்தால் எரியாத டீசல்; க்ளோ பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்), இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள்.

இரவில் பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்த்தால் புகை தெளிவாகத் தெரியும்.

மெக்கானிக் “டர்போ போச்சு” என்கிறார். நம்பலாமா?

எனக்கும் சொன்னார்கள். என் வண்டி அப்போது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ரோட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், பின்னால் ஒரே கரும்புகை. சமவெளியில் ஒன்றும் தெரியாது. வழக்கமாக விடும் பட்டறையில் பானெட்டைத் திறந்து, நின்ற இடத்திலேயே இரண்டு தடவை ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டர்போ முடிஞ்சுதுங்ண்ணா. மாத்தீட்டா ராக்கெட்டாட்டம் போகும்.” செலவு 35,000 என்றார்.

நல்லவேளை கையில் அப்போது பணம் இல்லை. நண்பன் ஒருவன் அவனுக்குத் தெரிந்த டீசல் பம்ப் வேலை செய்யும் பெரியவரிடம் அழைத்துப் போனான். அவர் டர்போவைத் தொடவே இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவி, விரலைக் காட்டினார்: கறுப்பு ஆயில் பிசுக்கு. “வெளிய ஏன் வந்துச்சு?” என்று என்னையே கேட்டார். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவி, முழங்காலில் வைத்து மடக்கினார். வளைவின் உள்பக்கம், கிளிப் இருந்த இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, மீன் வாயைத் திறப்பது போல ஒரு கீறல் திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. மூடியபின் எங்கே இருந்தது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் இன்ஜினுக்குச் சுமை இல்லை; சுமை இல்லாமல் டர்போ பெரிதாக அழுத்தாது; அழுத்தம் இல்லாமல் கீறல் திறக்காது. மலையில் முழுக்க மிதிக்கும்போது மட்டும் திறந்து, அழுத்திய காற்றெல்லாம் வெளியே போயிற்று. உள்ளே போகாத காற்றுக்கும் சேர்த்து டீசல் வந்தது, கரும்புகையும் வந்தது. ஹோஸ் மாற்ற ஆன செலவு 1,400.

டர்போ போகவே போகாது என்று சொல்ல வரவில்லை. போகும். ஆனால் எந்த ரீடிங்கையும் பார்க்காமல், எந்தக் குழாயையும் கழற்றாமல் ஒருவர் டர்போ என்று சொன்னால் அது கண்டுபிடிப்பு இல்லை, யூகம். யூகத்துக்குப் பணம் உங்களுடையது.

ஹோஸ் கிழிசலை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வண்டி ஆறியபின் ஒவ்வொரு ஹோஸையும் கையால் அமுக்கி, முறுக்கி, வளைவின் உள்பக்கம் பாருங்கள். ஆயில் ஈரம், அதில் தூசி ஒட்டிய கறை, கிளிப் பதிந்த இடத்தில் வெடிப்பு, இந்த மூன்றையும் தேடுங்கள்.

கண்ணுக்குச் சிக்காவிட்டால் சோப்பு நுரைச் சோதனை. டர்போவிலிருந்து காற்று வெளியேறும் ஹோஸைக் கழற்றி, அந்த ஹோஸின் வாயில் டியூப் வால்வு பொருத்திய பி.வி.சி. மூடியைச் செருகி இறுக்கி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 10 பவுண்டு, போனால் 15 பவுண்டு காற்று கொடுங்கள். டயருக்கு அடிப்பது போல 30 கொடுத்துவிட்டால் நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும். வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்பு, அதனால் காற்று நிற்காமல் குறையும், பயப்பட வேண்டாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடம் பொங்கும். ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து காற்றுக் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஆவிக் குழாய் அங்கேதான் வந்து சேர்கிறது, அழுத்தம் முழுவதும் ஆயில் சீல்களின் மேல் போய் உட்காரும்.

இன்டர்கூலரையும் மறக்காதீர்கள். முன்பக்கம் தாழ்வாக இருந்தால் ஒரு சின்னக் கல் போதும்.

ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் இருக்கிறதே?

மெல்லிய படலமாக இருந்தால் இயல்பு, இன்ஜின் ஆவியோடு வருவது. சாய்த்தால் கொட்டும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் கவலை.

ஸ்கேனர் வாங்கலாமா? எந்த ரீடிங்கைப் பார்க்க வேண்டும்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் ஸ்கேனரும் போனில் ஒரு செயலியும் போதும். வண்டி 2010-க்கு முந்தையது என்றால் பொது ஸ்கேனரோடு பேசாமல் போகலாம். அப்போது அந்தக் கம்பெனி வண்டிக்கென்றே உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைப் பிடிக்க வேண்டும்.

முதல் சோதனைக்கு இன்ஜினையே ஓட்ட வேண்டாம். சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்றுதான். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, கோவையில் 96, 97, ஊட்டியில் 2240 மீட்டர் உயரம் என்பதால் 77, 78 என்று காட்ட வேண்டும். கோவையில் நிற்கும் வண்டி 80 என்று சொன்னால் சென்சார் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பித்தான் கம்ப்யூட்டர் டீசல் கொடுக்கிறது. புகைக்கரி படிந்து இப்படி ஆவது உண்டு. கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. போக்குவரத்து இல்லாத நேரான ரோடு, போனைப் பார்க்க பக்கத்தில் ஓர் ஆள். நீங்களே போனையும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். மூன்றாவது கியரில் 1500 ஆர்.பி.எம்.மில் முழுக்க மிதித்து 3500 வரை போங்கள். நான்கு எண்கள் பதிவாக வேண்டும்: மேனிஃபோல்டு அழுத்தம், டீசல் ரெயிலில் இருக்க வேண்டிய அழுத்தம், உண்மையில் இருக்கும் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் அளவு.

ரெயில் அழுத்தம் கேட்டபடியே கிடைக்கிறது, மேனிஃபோல்டு அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் சிக்கல் காற்றுப் பக்கம். முழுக்க மிதித்தும் 120, 130-ஐத் தாண்டாத வண்டியில் எங்கோ ஓட்டை, அல்லது டர்போ சுற்றவில்லை. நல்ல வண்டியில் இது வெளிக்காற்றின் இரண்டு மடங்கை நெருங்கும். மாறாக, கம்ப்யூட்டர் 1200 பார் கேட்கும்போது ரெயிலில் 800-தான் இருக்கிறது என்றால் டர்போ பக்கமே போகாதீர்கள். அது டீசல் பக்கத்து வழக்கு.

காற்றின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்தமானது. 1248-ஐ நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிராம். ஆக ஒரு சிலிண்டர் நிரம்பினால் ஏறக்குறைய 340 மில்லிகிராம். முழுக்க நிரம்பாது என்பதால் ஐடிலில், ஈ.ஜி.ஆர். மூடியிருக்கும்போது ஓர் இழுப்புக்கு 300-ஐ ஒட்டி வர வேண்டும். உங்கள் வண்டியின் சி.சி.யைப் போட்டு நீங்களே கணக்கிடலாம். ஈ.ஜி.ஆர். மூடியிருப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்லியும் 180, 200 என்று காட்டினால், வால்வு உண்மையில் மூடவில்லை அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் தவறு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள். எலி கூடு கட்டிய ஃபில்டர் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். பாதித் தேங்காய் நாரும் ஒரு பிஸ்கட் உறையும் இருந்தன.

எர்ரர் கோட் எந்தப் பாகத்தைச் சொல்கிறதோ அதை மாற்றிவிட்டால் சரியாகாதா?

கோட் பாகத்தைச் சொல்வதில்லை, அறிகுறியைச் சொல்கிறது. பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. டர்போவை மாற்று என்று அதற்கு அர்த்தம் இல்லை. என் 1,400 ரூபாய் ஹோஸ் கொடுத்ததும் இதே கோட்தான். பி0087 ரெயில் அழுத்தம் குறைவு, ஃபில்டர் அடைத்தாலும் வரும். பி0101 ஏர் ஃப்ளோ சென்சாரின் எண் நம்பும்படி இல்லை என்பது. சென்சாருக்கு அப்பால் குழாய் கிழிந்திருந்தாலும் அந்த எண் நம்பும்படி இருக்காது.

டீசல் பக்கம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஃபில்டரிலிருந்து. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லாவிட்டால் இன்றே மாற்றுங்கள். நான் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கம்பெனிப் புத்தகம் அதற்கு மேலும் விடும், எனக்கு மனசு வராது. ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். ஒரு டீ கிளாஸ் அளவு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக முத்து முத்தாக உட்காரும்.

ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் ஒரு சாண் தெளிவான டியூபைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தால் குமிழி ஓடுகிறதா என்று தெரியும். குமிழி ஓடினால் ஏர் வாங்குகிறது: ஃபில்டர் வாஷர், கிளிப், பழைய ரப்பர் குழாய்.

அதற்கும் அப்பால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் ஆளுக்கொரு பாட்டிலில் விட்டு, இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் விரல் கனம் டீசலும் நாலாவதில் பாதி பாட்டிலும் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பம்ப் அனுப்பிய அழுத்தம் அவன் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகிறது. நான்கையும் கொத்தாக மாற்றச் சொல்பவரிடம் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பழைய லாரி இன்ஜினில் செய்வது போல, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ‘எந்தச் சிலிண்டர் மிஸ்’ என்று பார்க்கும் வேலை. காமன் ரெயிலில் ஐடிலிலேயே 250, 300 பார் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். பட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரி.

ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிட்டால் பிக்கப் கூடும் என்கிறார்களே?

வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் அடைத்ததும் கூடும். கழற்றிச் சுத்தம் செய்தாலும் அதே அளவு கூடும். சரியாக மூடும் வால்வை அடைத்து எந்த இழுவையும் கிடைக்காது, ஏனென்றால் முழுக்க மிதிக்கும்போது கம்ப்யூட்டரே அதை மூடித்தான் வைத்திருக்கிறது. தகரத்தை வெட்டி அடைப்பது மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி தவறு, பல வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கும் எரியும். கார்ப் கிளீனர், பழைய டூத் பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

திடீரென்று சக்தி போய்விடுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

கம்ப்யூட்டர் எதையோ கண்டு பயந்து, இன்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துக்கொள்கிறது. லிம்ப் மோட் என்பார்கள். சாவியைத் திருப்பியதும் பயம் மறந்துவிடும், அடுத்த தடவை வரும்வரை.

வேரியபிள் டர்போ உள்ள வண்டிகளில் இது அதிகம். மேலே சொன்ன இன்ஜினில்கூட 75 பி.எஸ். வடிவத்தில் சாதாரண டர்போ, எஸ்.எக்ஸ்.4, எர்டிகாவில் வந்த 90 பி.எஸ். வடிவத்தில் வேரியபிள். அதன் உள்ளே புகையைத் திசை திருப்பும் சிறு இறக்கைகள் இருக்கும். எப்போதும் டவுனுக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியில் கரி படிந்து அவை சிக்கும். ஹைவேயில் முழுக்க மிதிக்கும்போது இறக்கை திறக்காது, அழுத்தம் அளவைத் தாண்டும், கோட் பி0234, சக்தி கட். இன்ஜின் ஆறியபின், இறக்கைகளை அசைக்கும் ஆக்டுவேட்டர் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள், தடையில்லாமல் முழு தூரமும் போய்வர வேண்டும். வேக்குவத்தில் இயங்கும் ஆக்டுவேட்டர் என்றால் அதற்கு வரும் மெல்லிய ரப்பர் குழாயையும் பாருங்கள். இதோடு பிரேக் பெடலும் கட்டையாக இருந்தால் வேக்குவம் பம்ப் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும்.

டர்போ உண்மையிலேயே போய்விட்டது என்பதற்கு என்ன அடையாளம்?

ஆம்புலன்ஸ் தூரத்தில் வருவது போல, மிதிக்க மிதிக்க ஏறும் ஊளை. நீலப் புகை. ஆயில் அளவு குறைந்துகொண்டே வருவது. குழாயைக் கழற்றி ஷாஃப்டைப் பிடித்துப் பார்த்தால் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக் கூடாது. இறக்கையின் நுனி உறையில் உரசிய தடம் இருந்தால் பேச்சே வேண்டாம். இந்தச் சின்ன டர்போக்கள் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியவை, தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

ஆயில் கொட்டும் டர்போவோடு வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் வெறி பிடித்த மாதிரி ரேஸ் ஏறலாம். அப்படி ஆனால் கடைசி கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்துங்கள்.

பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) டீசல் போட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை என்று சொல்கிறார்களே?

2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க அந்த டீசல்தான். கந்தகம் பி.எஸ். 3 காலத்தில் 350 பி.பி.எம்., பி.எஸ். 4-இல் 50, இப்போது 10. கந்தகத்தை எடுக்கும்போது குறையும் வழவழப்புத்தன்மையை மருந்து சேர்த்து ஈடுகட்டித்தான் விற்கிறார்கள். பழைய வண்டியில் தாராளமாகப் போடலாம். அதே வருஷங்களில் உங்கள் வண்டிக்கும் வயது ஏறியது என்பதைக் கணக்கில் எடுங்கள்.

இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் ஊற்றலாமா என்று கூடவே கேட்பார்கள். ஊற்றலாம். கிழிந்த ஹோஸை அது ஒட்டாது.

எல்லாம் பார்த்தாயிற்று, ரீடிங்கும் சரி. இன்னும் வெட்டுகிறது. வேறென்ன?

முதலில் கிளட்ச். நாலாவது கியரில் மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறி வேகமுள் ஏறாவிட்டால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது.

பிறகு ஆக்ஸிலேட்டர் பெடல். இந்த வண்டிகளில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார் தடங்கள் இருக்கும், பல வண்டிகளில் ஒன்று மற்றதில் பாதி வோல்டேஜ் காட்டும். இரண்டும் ஒத்துப்போகாத கணத்தில் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும். பெடலை மெதுவாக அமுக்கிக்கொண்டே ஸ்கேனரில் பார்த்தால் எங்கே துள்ளுகிறது என்று தெரியும். பிரேக் லைட் சுவிட்சும் இந்த வகைதான். தேய்ந்துபோய், நீங்கள் பிரேக் மிதிப்பதாகத் தவறாகச் சொன்னால் பல வண்டிகள் ஆக்ஸிலேட்டரை மதிக்காது. பின் விளக்கு காரணமில்லாமல் மினுக்குகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் எலி. வயரைக் கடித்து முழுக்க அறுத்துவிட்டால் நிம்மதி, உடனே தெரியும். பாதி கடித்த வயர்தான் கொலைகாரன். குலுங்கும்போது மட்டும் விட்டுவிட்டுத் தொடும். சென்சார் வயர்களை இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள்.

என்னுடையது டர்போ பெட்ரோல். இதெல்லாம் பொருந்துமா?

ஹோஸ் கதை முழுக்கப் பொருந்தும். கூடுதலாக ஸ்பார்க் பிளக், காயில். அழுத்தம் ஏற ஏறப் பொறி தாண்டுவது கஷ்டம். அதனால்தான் சாதாரண பெட்ரோல் இன்ஜினில் ஒரு மில்லிமீட்டர் இருக்கும் பிளக் இடைவெளி டர்போவில் 0.7, 0.8 என்று குறைகிறது. தேய்ந்து அகன்ற பிளக், சாதாரணமாக ஓட்டும்போது நல்ல பிள்ளையாக இருந்து முழுக்க மிதித்தால் மட்டும் பட் பட் என்று விட்டுவிடும். பிளக்கை முதலில் மாற்றுங்கள்.

சரி, டர்போவை மாற்றியே ஆக வேண்டும். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

புதிதாக முழு டர்போ, அல்லது உள்ளே சுழலும் பகுதியை மட்டும் மாற்றுவது. கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். உறை நன்றாக இருந்தால் கார்ட்ரிட்ஜ் போதும், பேலன்ஸ் பார்த்த சீட்டு உண்டா என்று கேளுங்கள். ஆனால் பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். பெரும்பாலும் ஆயில் பட்டினிதான். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஊடே பாருங்கள். கருகிய ஆயில் அடைத்து ஊசிமுனை வெளிச்சம்தான் தெரிகிறது என்றால் அந்தப் பைப்பைச் சுத்தம் செய்து திருப்பி மாட்ட விடாதீர்கள், புதிது வாங்குங்கள். ஆயிலும் ஃபில்டரும் அன்றே மாற்ற வேண்டும். மாட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் நல்ல ஆயிலை ஊற்றி, கையால் நாலு சுற்று சுற்றச் சொல்லுங்கள். ஊற்றுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.